கடைசி ஆறு நொடிகள்

அம்மாவின் வீட்டைக் காலி செய்த அன்று நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவின் தியோடலைட் எனக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. அது நிலம் அளக்கும் கருவி. அம்மா முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் மரப்பெட்டியோடு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தாள். "உனக்கு ஏதாவது வேணுமா? இப்பவே சொல்லிடு" என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அம்மா படுக்கையில் கிடந்த நான்கு வருஷத்தில் மொத்தம் ஒன்பது நாள் வந்துபோனவள் நான். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

சொன்னது வேறு. "செத்தவங்க சாமானைப் படம் பிடிச்சு இணையத்துல ஏத்திக் காசு பார்க்கிறவங்களை வேலையில தினம் பார்க்கிறேன். கழுகுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்" என்றேன். அக்கா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "பழைய சாமான் வண்டிக்காரர் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்" என்றாள்.

அதற்குப் பிறகு போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம் என்பதால் கடிதம் எழுத ஆரம்பித்தோம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. 'குச்சி' என்று என் வீட்டுப் பெயரைப் போட்டு அவள் எழுதியவை என்னிடம் இருக்கின்றன. என்னுடையவற்றுக்குப் படி எடுத்து வைத்திருந்தேன். நூலக வேலையின் பழக்கம்.

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சளி, மற்றபடி நலம். விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனிக் கோபம்.

நேற்று மதியம் வேலையில் ஏலத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பழைய புத்தகங்களையும் வரைபடங்களையும் நூலகத்துக்கு மலிவாக எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி என்று உனக்குத் தெரியும். 'பழைய தோல் பை, லேசான கறை உள்ளது' என்று ஒன்று வந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். மூடியில் மைக்கறை. அம்மாவின் பை. அந்த லேசான கறை நான் எட்டாவது படிக்கும்போது செய்தது. அதற்கு அடி வாங்கியது நீ. விற்பவர் பெயர் 'அலமாரி7'. உன் வண்டிக்காரர்தானே?

எல்லாவற்றையும் அந்த ஆளுக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு முறை உனக்குக் கை கூசவில்லையா? சரி, கொடுத்துவிட்டாய். நான் திரும்ப வாங்குகிறேன். ஒவ்வொன்றாக, மலிவாக. அந்த மனுஷனுக்கு ஒரு காசு அதிகம் கிடைக்க விடமாட்டேன்.

ஏலத்தில் தோற்பவர்கள் ஆசையை முன்கூட்டிக் காட்டியவர்கள். முதல் நாளே விலை கேட்கிறவன் மற்றவர்களை மணியடித்துக் கூப்பிடுகிறான். நான் தொடவே மாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று ஆசை ஏறுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துவிடுவேன். அது முழு எண்ணாக இருக்காது. எல்லாரும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்று போய் நிற்பார்கள். அதைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும். முடிய ஆறு நொடி இருக்கும்போது அந்தத் தொகையை ஒரே முறை போடுவேன். எதிராளி திரும்ப யோசிப்பதற்குள் கதவு மூடிவிடும்.

பைக்கு என் உச்சம் 1,370. உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. அம்மா கருவியை நிறுத்திச் சமன் செய்வாள், நான் ஸ்டூலில் ஏறிக் கண்ணை வைத்து எண்ணைப் படிப்பேன், நீ நோட்டில் எழுதித் திருப்பிச் சொல்வாய். நீ திருப்பிச் சொல்லும்வரை அம்மா கருவியைத் தொடமாட்டாள். இன்றைக்கும் நீ திருப்பிச் சொல்லாத எண் எனக்கு எண்ணாகவே படுவதில்லை. ஏலம் 17ஆம் தேதி முடிகிறது.

வண்டிக்காரரின் விலாசம் இருந்தால் அனுப்பு. அவருக்கும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது.

கோபத்தோடும் அன்போடும், அந்த வரிசையில்தான்,
உன் தங்கை

*

பிப்ரவரி 11

குச்சிக்கு,

முழங்கால் கீழ இருக்கும்போது நல்லாத்தான் இருக்கு, மாடிப்படி பார்த்தா மட்டும் அழுவுது. சளிக்கு வெந்நீர் குடி, குளிர்ந்த தண்ணி எடுக்காதே.

என்னடி இது, எழுதும்போது மட்டும் பாடப்புத்தகம் மாதிரி? போன்ல வாயில வர்றது வேற மாதிரி இருக்குமே.

வித்தது வித்ததுதான். விலாசம் என்கிட்ட இல்ல.

பையில இருக்கற கறையைப் பெருசாக்கிப் பார்த்தியாம். நல்ல கண்ணுதான். அம்மா முதுகுல புண்ணு வந்தப்ப நானும் ஒரு படம் எடுத்து அனுப்பினேன், டாக்டர் யாரையாவது கேட்டுச் சொல்லுன்னு. அதைப் பெருசாக்கிப் பார்த்தியா?

விடு.

ஆயிரத்து முந்நூத்தி எழுபது. எழுதிக்கிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இறங்கிவிட்டது. நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். படத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் எழுத ஆரம்பித்து நான்கு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதிலும் அந்தப் பதில் இல்லை.

பை வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. கடைசி நிமிஷம்வரை விலை 410இல் நின்றது. ஆறாவது நொடியில் என் 1,370ஐப் போட்டேன். 420க்கு என் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தத் தளத்தில் நம் உச்சத்தை எழுதி வைத்துவிட்டால், எதிராளி ஏற ஏற அதுவே நமக்காக ஏறும். உச்சம் எவ்வளவு என்று யாருக்கும் காட்டாது. யாரோ ஒரு 'ந*2' (கேட்பவர்களின் பெயரை இப்படி மறைத்துத்தான் போடுவார்கள்) 1,360 எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. கறை பிடித்த ஒரு பழைய பைக்கு! நான் 1,370 முழுசாகக் கட்டினேன். எங்கள் நூலகத்தில் பைண்டிங் பார்ப்பவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் ஆறு செகண்டு வித்தைக்கு இன்னைக்கு லீவா?" என்கிறார். அவரையும் கடித்துக் குதறிவிட்டேன்.

அந்த ந*2 யாராக இருக்கும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பணம் கொழுத்த எவனோ ஒருவன், அம்மாவின் பையை ஏதாவது கடையின் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறவன்.

இப்போது ஸ்டாண்டு ஏறியிருக்கிறது. தியோடலைட்டின் மூன்று கால் ஸ்டாண்டு. 'கேமரா ஸ்டாண்டு, மரம், கனமானது' என்று எழுதியிருக்கிறான், மடையன். சர்வே என்ற சொல்லே இல்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை: சரியான பெயரில் தேடுகிறவர்களுக்கு இது அகப்படாது. தப்பாகப் பெயரிட்ட சாமான்தான் எப்போதும் மலிவு. நான் தேடும்போது முதலில் தேடுவதே அதைத்தான். முடிவதும் வேலைநாளில், பகல் இரண்டு மணிக்கு. யார் பார்க்கப்போகிறார்கள்?

என் உச்சம் 2,115. திருப்பிச் சொல்.

உன்
தங்கை

*

பிப்ரவரி 26

குச்சிக்கு,

இங்க நலம். பை வந்துடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு இந்தக் குதி? கேட்டே, கொடுத்தே, கெடைச்சுது. 1,370 கொடுத்தா குறைஞ்சு போயிடற பொருளா அது?

ஒண்ணு சொல்றேன், கேளு. இனிமே எண்ணையெல்லாம் எனக்கு எழுதாதே. நான் ஒண்ணும் இப்ப நோட்டைத் தூக்கிக்கிட்டு உன் பின்னால வரல. உன் ஏலம், உன் காசு. நீயே எழுதி நீயே படிச்சுக்கோ.

வேலை தேடிக்கிட்டிருக்கேன். முன்ன வேலை பார்த்த பல் டாக்டர்கிட்டயே போய்க் கேட்டேன். என் சீட்டுல ஒரு பொண்ணு உக்கார்ந்திருக்கா, நான் ஒட்டின பேர் அட்டை மேலயே அவ பேரை ஒட்டிக்கிட்டு. நல்ல பொண்ணு, டீ வேணுமான்னு கேட்டா. நாலு வருஷம் எவன் சீட்டைக் காலியா வெச்சிருப்பான்?

சரி, எழுதித் தொலைச்சுட்டே. ரெண்டாயிரத்து நூத்திப் பதினஞ்சு.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? வேலை ஏதாவது அமைந்ததா?

ஸ்டாண்டு வந்தது. 2,115. அதே ந*2, இந்த முறை 2,105.

எண்ணை எழுதாதே என்றாய். தியோடலைட் ஏறிவிட்டது, ஆகவே எழுதுகிறேன். 'பித்தளைக் கருவி, டெலஸ்கோப் மாதிரி' என்று போட்டிருக்கிறது. மார்ச் 20, பகல்.

பையும் ஸ்டாண்டும் இல்லாமல் நான் இருந்துவிடுவேன். இது இல்லாமல் முடியாது. அதற்குள் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், ஞாபகமிருக்கிறதா? நீ தண்ணீர் பாட்டிலோடு வயலின் அந்த ஓரத்திலிருந்து தலைகீழாக நடந்து, தலைகீழாக என்னைத் திட்டிக்கொண்டே வருவாய். நான் சிரித்தால் கருவி ஆடும். அம்மா ஆடாமலிருக்க என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். அம்மா என்னைத் தொட்டது அந்த ஸ்டூலின் மேல்தான். வீட்டில் அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை, உனக்கும் தெரியும். எனக்கு வேறு பொருள் எதுவும் வேண்டாம்.

என் உச்சம் 6,415. இந்த ஒருமுறை மட்டும் திருப்பிச் சொல்லிவிடு.

உன்
தங்கை

*

மார்ச் 14

குச்சி,

நலம். இங்க நாலு நாளா மழை, துணி காயல.

ஆறாயிரத்து நானூத்திப் பதினஞ்சு.

இவ்வளவு எதுக்குடி? போகட்டும்னு விட்டுடேன். ஒரு தடவையாவது ஒண்ணை வேண்டாம்னு விட்டுப் பாரேன்.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

நலம் விசாரிக்கவில்லை.

உனக்கு எழுதிய எண் 6,415. நான் போட்ட எண் 6,400. ந*2 அதை 6,405க்கு எடுத்துக்கொண்டது.

பைக்கு நான் உன்னிடம் சொன்னதைவிடப் பத்து குறைவு. ஸ்டாண்டுக்கும் சொன்னதைவிடப் பத்து குறைவு. தற்செயல் ஒரு முறை வரும், இரண்டு முறைகூட வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் மூன்றாம் முறை வேறு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான் போட்ட எண்ணுக்கு அல்ல, உன்னிடம் சொன்ன எண்ணுக்குச் சரியாகப் பத்து குறைவாக அது உட்கார்ந்திருந்தது. 6,415 தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான்.

வண்டிக்காரரோடு உனக்கு எத்தனை பங்கு? பாதியா? என் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினாயா, அல்லது எண்ணை மட்டும் சொன்னாயா? ஸ்டூல், அம்மாவின் கை, அதெல்லாம் அவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும்.

பணம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். திட்டியிருப்பேன், அனுப்பியிருப்பேன். வெளி ஆள் ஏமாற்றினால் ஏமாந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விடலாம். நீ திருப்பிச் சொன்னாய். 'எழுதிக்கிட்டேன்' என்று எழுதினாய். அம்மா என் கண்ணை நம்பியதே இல்லை, 'இன்னொரு தடவை பாரு' என்பாள். உன் நோட்டை ஒருநாளும் அவள் சரிபார்த்ததில்லை. அந்தக் கையால்தான் இதைச் செய்திருக்கிறாய்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

*

மார்ச் 29

குச்சி,

நீ நலம் விசாரிக்கல. சரி, நானும் விசாரிக்கல.

பங்கெல்லாம் இல்ல. வண்டிக்காரர்னு ஒருத்தர் கிடையவே கிடையாது. அலமாரி7 நான்தான். ந*2ம் நான்தான். ரெண்டாவது கணக்குக்கு வேற போன் நம்பர் கேட்டுச்சு. அம்மா போன் சும்மாதான் கெடந்துச்சு.

வீடு காலி பண்ற அன்னைக்குக் காலையிலயே பாதி சாமானைப் படம் பிடிச்சு முடிச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். நீதான் இதுல கில்லாடியாச்சே, எப்படி ஏத்தறது, என்ன விலை வெக்கறதுன்னு கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கழுகுன்னே. கையில டேப்போட நின்னுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்றது? வண்டிக்காரர்னு வாயில வந்துச்சு. வந்தவரை அப்படியே வெச்சுக்கிட்டேன்.

உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் சர்வேங்கற வார்த்தையே போடாம கேமரா ஸ்டாண்டுன்னு எழுதினேன். நீ என்னடான்னா தப்பா எழுதினதைத் தேடிப் பிடிக்கறதுதான் வித்தைன்னு எனக்கே பாடம் எடுக்கறே. மடையன்னு வேற திட்டறே. படிச்சுட்டுச் சிரிச்சேன், அழுதேன், ரெண்டும் பண்ணினேன்.

உன் முதல் லெட்டர் வந்த அன்னைக்கு, பையை எடுத்து உனக்கே பார்சல் போட்டுடலாம்னு பெட்டிகூட எடுத்து வெச்சேன். சத்தியமா. அப்புறம் இன்னொரு தடவை படிச்சேன். மலிவா எடுப்பேன், ஒரு காசு அதிகம் கெடைக்க விடமாட்டேன்னு எழுதியிருந்தே. கீழேயே எண்ணும் இருந்துச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவ ஒரு தடவையாவது எதுக்காவது முழு விலை கொடுக்கட்டும்னு தோணுச்சு. கொடுக்க வெச்சேன். வாடகைக்கும் உதவுச்சு, அதையும் மறைக்கல. நோட்டைப் பத்திச் சொன்னியே, அதுல நான் ஒண்ணும் தப்பா எழுதல. நீ சொன்னதைத்தான் எழுதினேன்.

ஆறு செகண்டு, ஆறு செகண்டுன்னு பெருமையா எழுதறே. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருது. நாலு வருஷம் அம்மாவைத் திருப்பிப் போட்டேன், துடைச்சேன், ஊட்டினேன், அவங்க துப்பினதை வழிச்சேன். கடைசி ஒரு வருஷம் என்னை நர்ஸ்னுதான் கூப்பிட்டாங்க. "நர்ஸ், என் பொண்ணு வரலையா?"ம்பாங்க. "நான்தாம்மா"ன்னு சொன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, வெளி ஆளுக்கு மரியாதைக்குச் சிரிக்கற மாதிரி. நீ செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியை உருட்டிக்கிட்டு வந்தே. ஆஸ்பத்திரி ரூம் வாசல்ல நின்னே. அவ்வளவுதான், வேற ஒண்ணும் பண்ணல நீ. "வந்துட்டியா குச்சி"ன்னாங்க. வாய் கோணியிருந்தும் தெளிவா. வியாழக்கிழமை போயிட்டாங்க.

நாலு வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்டி. நீ கடைசியில வந்து ஒரே தடவை கேட்டு எடுத்துட்டுப் போயிட்டே.

அதுக்கு உன்கிட்ட எப்படிச் சண்டை போடறது? நீ ஒண்ணும் தப்புப் பண்ணலையே. அதான் பைக்குச் சண்டை போட்டேன்.

தியோடலைட்டை எனக்கு நானே வித்துக்கிட்டு, தளத்துக்குக் கமிஷன் வேற கட்டிட்டு உக்கார்ந்திருக்கேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. மே மாசம் சரியான பேர் போட்டு மறுபடி ஏத்துவேன். அம்மா நம்பர் கணக்கை மூடிட்டேன். வேணும்னா மத்தவங்க மாதிரி ஏலத்துல எடு. உனக்குன்னு சும்மா எடுத்துக் கொடுக்க என்னால முடியாது. இப்போதைக்கு முடியாது.

அக்கா

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? வேலை கிடைத்ததா? நான் நலம்.

நாற்பது நாள் ஆகிறது. தினமும் உனக்கு மனதுக்குள் ஒரு கடிதம் எழுதினேன், எல்லாமே திட்டு. நீ செய்தது கேவலம். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். நேரே எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். நீயும் திருப்பி அடித்திருப்பாய், உனக்குத்தான் கை வேகம்.

ஆனால் நீ கேட்ட ஒன்றுக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா முதுகின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயா என்று கேட்டாய். நான் அதைத் திறக்கவே இல்லை. இன்றைக்கும் என் போனில் திறக்காமல்தான் இருக்கிறது. 'டாக்டரிடம் கேட்டேன், களிம்பு போடச் சொன்னார்' என்று அன்று உனக்கு எழுதியதும் பொய். பயந்தேன். அதைவிட நல்ல காரணமாக ஏதாவது இருக்கும் என்று நாற்பது நாளும் தேடினேன். இல்லை.

அவள் என் பெயரைச் சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தியோடலைட் ஏறியிருப்பதைப் பார்த்தேன். சரியான பெயர், நல்ல படம், எல்லா அளவும் எழுதியிருக்கிறாய். அப்படித்தான் விற்க வேண்டும். நிறையப் பேர் வருவார்கள். சும்மா தர முடியாது என்றாய். நியாயம். நானும் மறைத்துக் கேட்கப் போவதில்லை. ஏலம் முடிய பத்து நாள் இருக்க, இன்று காலையே 9,000 போட்டுவிட்டேன். முழு எண். என்னிடம் இருப்பது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. 18ஆம் தேதி பகல் 2:10க்கு வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும். அன்றைக்கு எனக்கு மேலே பத்து ஏறி எவளாவது வந்து நின்றால், இனி உனக்கு நான் எழுதமாட்டேன். போனும் எடுக்கமாட்டேன்.

உன்
தங்கை

*

மே 18, திங்கள், பகல் மூணு மணி

குச்சி,

முதல்ல இதைப் படி, மத்ததெல்லாம் அப்புறம். அது நான் இல்ல. அம்மா மேல சத்தியமா நான் இல்ல.

நானும் திரையைப் பார்த்துக்கிட்டேதான் உக்கார்ந்திருந்தேன். உன் பேர்தான் மேல இருந்துச்சு. ரெண்டு மூணு பேர் வந்து 8,200 வரைக்கும் ஏத்திப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. மணி ரெண்டு ஒன்பது ஆச்சு. சரி, நம்ம வீட்டுக்கே வந்துடுச்சுன்னு டீ போட அடுப்பைப் பத்த வெக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா 9,010. வேற யாரோ. கடைசி நாலு செகண்டுல வந்திருக்காங்க. கணக்கைப் பார்த்தேன், எட்டு வருஷமா வாங்கிக்கிட்டிருக்கற ஆளு, எங்கயோ இருக்கார். பத்து நிமிஷத்துல பணமும் கட்டிட்டார்.

நீ நம்பமாட்டே. நான் நம்பற மாதிரி நடந்துக்கவும் இல்ல.

பணம் கட்டினதிலேருந்து மூணு நாளைக்குள்ள அனுப்பணும், இல்லேன்னா காரணம் சொல்லி ரத்து பண்ணணும். ரத்து பண்ணினா என் கணக்கை நிறுத்திடுவாங்களாம், மார்ச்சுல வித்ததை அனுப்பாம மறுபடி ஏத்தினதுக்கு ஏற்கெனவே என் மேல ஒரு புகார் இருக்கு. நிறுத்தட்டும். இருக்கறது இன்னும் ரெண்டு நாற்காலிதான், அதைத் தெருவுல வெச்சு வித்துக்கறேன். ஆனா நீ ஒரு வார்த்தை சொல்லணும். நானா முடிவு பண்ணி உனக்கு எடுத்துக் கொடுத்து, அப்புறம் நீ அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பிச்சை போட்டதுன்னு நினைக்கக் கூடாது. வேணும்னு சொல்லு. அன்னைக்கு அலமாரி முன்னாடி கேட்டப்ப நீ சொல்லல. இப்ப சொல்லு.

விரைவுத் தபால்ல போடறேன், மறுநாளே கெடைக்குமாம். புதன்கிழமை பகல் வரைக்கும் பெட்டியைக் கட்டாம வெச்சிருக்கேன். லெட்டர் வரலேன்னா நானே போன் பண்றேன். எடுடி. கத்தமாட்டேன்.

அக்கா

*

கடிதம் எனக்கு வெள்ளிக்கிழமை வந்தது.

திங்கட்கிழமை பகல் 2:10க்குத் திரையில் 9,010ஐப் பார்த்ததும் அது அக்கா என்று நினைத்தேன். மடிக்கணினியை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கும், பதினொன்றரைக்கும், பன்னிரண்டே காலுக்கும் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போன் மேஜை மேல்தான் இருந்தது. மூன்று முறையும் எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் தியோடலைட்டைக் கட்டி, ஏலத்தில் எடுத்தவருக்கு அனுப்பிவிட்டாள்.